கருப்பையிலும் சூலகத்திலும் ஒரே நேரத்தில் புற்று: ஏன்?

கருப்பை உட்சுவரிலும் சூலகத்திலும் ஒரே சமயத்தில் வீரியம் குறைந்த புற்று தெரிந்தால், இரண்டும் தனித்தனியே முளைத்தவை என்றே மருத்துவர்கள் நெடுங்காலம் கருதினர். பரவிய புற்று என்றால் நோயாளிகள் இவ்வளவு நன்றாகத் தேறமாட்டார்களே! ஆனால் 2016இல் வெளியான மரபணு ஆய்வுகள், பெரும்பாலான இணைகள் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று காட்டின. ஒரே ஈஸ்ட்ரோஜன் சூழலில் ஒரே பிறழ்வு இருமுறை தோன்றக்கூடாதா என்று கேட்கலாம். புற்றைத் தடுக்கும் பி.டென் (PTEN) மரபணு இரு இடத்திலும் கெடுவதற்கு அந்த வாதம் பொருந்தும். ஆனால் புற்றை வளர்க்காமல் வெறுமனே ஒட்டிக்கொண்டு வரும் பிறழ்வுகளும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருப்பதற்குப் பொருந்தாது. அப்படியானால் நல்ல தேறுதல் எப்படி? செல்கள் இரத்தநாளங்களைத் துளைக்காமல், கருக்குழாய் வழியே நழுவிச் சூலகத்தில் தங்கியிருக்கலாம் என்பதே எனக்கு ஏற்புடைய விளக்கம். பன்னாட்டு மகப்பேறு, பெண்நோயியல் கூட்டமைப்பின் (ஃபிகோ) 2023ஆம் ஆண்டு வகைப்பாடும் இத்தகைய இணைகளை, சில நிபந்தனைகளுடன், முதல் நிலையிலேயே வைக்கிறது.