களைக்கொல்லியைக் காட்டிக்கொடுக்கும் கீரை

வயலில் தெளித்த களைக்கொல்லி வயலோடு நின்றுவிடுவதில்லை. மழைநீரில் கலந்து கிணற்றுக்கும் ஆற்றுக்கும் போய்ச் சேருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, குடிநீரில் எந்த ஒரு களைக்கொல்லியும் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அதாவது, 1 கோடி லிட்டர் நீரில் 1 கிராம்! இத்தகைய நுண்ணிய அளவுகளைக் காண விலை உயர்ந்த கருவிகள் உண்டு. வேறொரு வழியும் உண்டு. செடியையே கேட்டுப் பார்க்கலாம்.

இலையின் பசுங்கணிகத்துக்குள் தைலகாய்டு என்னும் சவ்வுகள் உள்ளன. அவற்றில் பதிந்துள்ள ‘ஒளித்தொகுதி 2’ என்னும் நொதி, ஒளியின் உதவியால் நீரைப் பிளந்து எலெக்ட்ரான்களைப் பெறுகிறது. பிளாஸ்டோகுயினோன் என்னும் மூலக்கூறு அந்த நொதியில் ஓரிடத்தில் வந்து அமர்ந்து, எலெக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு செல்கிறது. அட்ரசின், டையூரான் போன்ற களைக்கொல்லிகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன; பேருந்து இருக்கையில் துண்டு போடுவதைப் போல! எலெக்ட்ரான் ஓட்டம் தடைப்படுகிறது, செடி மடிகிறது.

எலெக்ட்ரான்களின் ஓட்டம்தானே மின்னோட்டம்? அப்படியானால், அதை அளந்தே நஞ்சைக் கண்டுபிடிக்கலாம். இலையிலிருந்து பிரித்தெடுத்த பசுங்கணிகமும், எலெக்ட்ரானை ஏற்கும் பொருள் ஒன்றைச் சேர்த்தால், ஒளியில் வேலை செய்யும் என்பதை இராபர்ட் ஹில் 1937-இல் காட்டியிருந்தார்.

ஸ்பினாச் கீரையிலிருந்து எடுத்த தைலகாய்டுகளை நீரில் சும்மா விட்டால், சோதிக்கும் நீரோடு அவையும் போய்விடும். ஆகவே அவற்றை மின்வாயின் மேல் கட்டி நிறுத்த வேண்டும். அல்புமின் என்னும் புரதத்துடன் அவற்றைக் கலந்து, குளூட்டரால்டிஹைடு சேர்த்தால், புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து வலைபோல் ஆகின்றன. பெரிய சவ்வுகள் வலைக்குள் சிக்கி நிற்கும். நீரும் சிறிய மூலக்கூறுகளும் தடையின்றிப் புகுந்து வரும். குளூட்டரால்டிஹைடு குறைந்தால் வலை கரையும். மிகுந்தால் நொதியே செயலிழக்கும். அளவு அறிந்து சேர்ப்பதில்தான் திறமை இருக்கிறது.

இனிச் சோதனை. விளக்கை ஏற்றி, தூய நீரில் மின்னோட்டத்தை அளக்கிறோம். ஃபெரிசயனைடு போன்ற பொருள் எலெக்ட்ரான்களை மின்வாய்க்குக் கொண்டு சேர்க்கிறது. பிறகு கிணற்று நீரை விடுகிறோம். 100 அலகாக இருந்த மின்னோட்டம் 70 ஆகக் குறைந்தால், அந்தக் குறைவு நஞ்சின் அளவைச் சொல்லும். அளவு தெரிந்த கரைசல்களைக் கொண்டு முன்பே வரைந்த வரைபடத்துடன் ஒப்பிட்டால் போதும். தூய நீரால் கழுவினால், அட்ரசின் விலகி மின்னோட்டம் மீள்கிறது.

குறைகளும் உண்டு. நொதி சில நாட்களிலேயே வலுவிழக்கலாம். எந்தக் களைக்கொல்லி என்று அது பெயர் சொல்லாது. சில உலோக நஞ்சுகளும் மின்னோட்டத்தைக் குறைக்கும். ஆகவே இது தீர்ப்புச் சொல்லும் நீதிபதி அல்ல; குரைத்து எழுப்பும் காவல் நாய். எழுப்பியபின் ஆய்வுக்கூடத்தில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.