அஞ்சு கிலோ நாய்... ஆறு வீட்டுச் சண்டை!

கோழி செத்தது, பக்கத்து வீட்டு உறவும் செத்தது

மதுரை,

எடை 5 கிலோ. உயரம் ஒரு சாண். பார்த்தால் பொம்மை மாதிரி இருக்கும்.

ஆனால் கேட் திறந்த அடுத்த நிமிஷம், பக்கத்து வீட்டு நாட்டுக்கோழி காலி!

செல்லூர், அனுப்பானடி, வில்லாபுரம், ஜெய்ஹிந்துபுரம் என்று சுவரோடு சுவர் ஒட்டி வீடுகள் இருக்கும் பகுதிகளில் இந்தச் சண்டை புதிதல்ல. வசனம்கூட மாறுவதில்லை.

"ஏக்கா, ஒங்க நாயி முட்டையிடுற கோழியக் கடிச்சுப் போட்ருச்சே, இது நியாயமா?"

"அது சும்மா விளையாடுச்சு தம்பி. சின்ன நாயிதானே, அது என்ன செய்யும்?"

"விளையாட்டுன்னு கோழிக்குத் தெரியலையேக்கா!"

முதலில் கோழிக்குப் பணம். அப்புறம் வாய்த்தகராறு. அதற்கும் அப்புறம், "ஸ்டேஷனுக்கு வாங்க, அங்கிட்டு வச்சுப் பேசிக்கிருவோம்" என்ற சவால். கடைசியில் ஒருநாள் ராத்திரி நாயை ரிங் ரோட்டுப் பக்கம் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்துவிடுகிறார்கள். மடியில் வைத்து வளர்த்த பிராணி, லாரி ஓடுகிற ரோட்டில்!

இதைத் தடுக்க முடியாதா? முடியும். அதற்கு முதலில் அந்த நாயின் மண்டைக்குள் என்ன ஓடுகிறது என்று தெரிய வேண்டும்.

ரத்தத்தில் ஊறிய வேட்டை

வேட்டை நாய் என்றால் நம்ம ஊர்க்காரர்களுக்கு ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பைதான் நினைவுக்கு வரும். 2005-ல் தபால் தலையிலேயே இடம்பிடித்தது ராஜபாளையம் நாய். அதைக் கண்டால் எல்லோரும் ஒதுங்கி நடப்பார்கள்.

ஆனால் 'டாஷ்' என்று கூப்பிடுகிறோமே, அந்தக் குட்டைக்கால் நாய்? அதுவும் சுத்த வேட்டை நாய்தான்! தரைக்குள் வளை தோண்டி வாழும் 'பேட்ஜர்' என்ற முரட்டுப் பிராணியை, வளைக்குள்ளேயே புகுந்து மடக்குவதற்காக ஜெர்மனியில் உருவாக்கப்பட்ட ஜாதி அது. குட்டைக்காலும் நீள உடம்பும் அழகுக்கு வந்தவை அல்ல. தொழிலுக்கு வந்தவை.

'டெரியர்' வகை நாய்களும் அப்படியே. எலியையும் நரியையும் பிடிப்பதற்கென்றே வளர்க்கப்பட்டவை.

தேடு, பதுங்கு, துரத்து, பிடி, உதறு. இந்த ஐந்தும் சாவி கொடுத்த கடிகாரம் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். கோழியோ, அணிலோ, பூனையோ ஓடியதும் சாவி திரும்பிவிடும். வயிறு நிறையச் சோறு போட்டிருந்தாலும் இது நிற்காது. பசிக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு.

இரண்டும் ஒன்றல்ல

இங்கேதான் பலர் தப்புக்கணக்கு போடுகிறார்கள். வேட்டை வேறு, கோபம் வேறு.

வேட்டைக்குப் போகும் நாய் பெரும்பாலும் உறுமாது. கண் ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும், உடம்பு விறைக்கும், அப்புறம் பாய்ச்சல். கோபப்படும் நாய் குரைக்கும், உறுமும், பல்லைக் காட்டும். அதற்குப் பாதி காரணம் பயம். "கிட்ட வராதே" என்பதுதான் அதன் அர்த்தம்.

சின்ன நாய்க்குப் பயம் இருப்பதில் ஆச்சரியம் என்ன? நம் முழங்கால் உயரம்கூட இல்லாத உயிர் அது. வருகிறவன் போகிறவனெல்லாம் குனிந்து தூக்குகிறான், கன்னத்தைக் கிள்ளுகிறான். ராஜபாளையம் உறுமினால் ஊரே பதறும். பொமரேனியன் உறுமினால் வீடே சிரிக்கிறது! உறுமி உறுமிப் பார்த்துவிட்டு ஒருநாள் அது கடிக்கிறது.

அடித்தால் அடங்குமா?

அடங்காது. உறுமியதற்கு அடி வாங்கிய நாய், உறுமாமல் கடிக்கக் கற்றுக்கொள்ளும். எச்சரிக்கை மணியைப் பிடுங்கிப் போட்ட கதைதான்.

ஆஸ்திரியா நாட்டில் வியன்னா ஆராய்ச்சியாளர்கள் 2010-ல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது. சின்ன நாய் வைத்திருப்பவர்கள் அதைப் பழக்குவது குறைவு. இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று நடந்துகொள்வது அதிகம். அடிக்கடி தண்டிக்கப்படும் நாய்களிடம் மூர்க்கமும் கூடுதலாக இருந்தது.

என்ன செய்யலாம்?

முதல் வேலை, கேட்டுக்கு அடியில் இருக்கும் சந்தைக் கம்பிவலை வைத்து அடையுங்கள். வெளியே போகும்போது வார் இல்லாமல் விடாதீர்கள். கழுத்துப்பட்டை இழுத்தால் சின்ன நாயின் மூச்சுக்குழாய்க்கு ஆபத்து. நெஞ்சைச் சுற்றி மாட்டும் பட்டை நல்லது.

அடுத்து, தூரம். கோழி கண்ணில் பட்டும் நாய் பாயாமல், கையில் நீட்டும் கறித்துண்டைத் தின்னுகிற தூரம் எது என்று பாருங்கள். 50 அடி என்றால் 50 அடி. அங்கே நின்று பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். திரும்பிப் பார்த்ததும் ஒரு துண்டு. தினமும் பத்து நிமிஷம் போதும். வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே போகலாம். தின்னாமல் விறைத்து நின்றால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். பின்னால் வாருங்கள்.

வேட்டைப் புத்திக்கு வடிகாலும் வேண்டும். கயிற்றில் பழந்துணியைக் கட்டி இழுத்துத் துரத்த விடுங்கள். கடைசியில் பிடிக்கவும் விடுங்கள். சாப்பாட்டை வைக்கோலில் தூவித் தேட வையுங்கள். 'டாஷ்' நாய்க்கு மூலையில் ஒரு மணல் குழி போதும், சொர்க்கம்!

வாய்ப்பூட்டு போடுவதானால் கூடை மாதிரியான வலைப்பூட்டாக இருக்கட்டும். துணியால் வாயைக் கட்டாதீர்கள். நாய்க்கு நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்தால்தான் சூடு தணியும். மதுரை வெயிலில் வாயைக் கட்டினால் உயிருக்கே உலை.

சாதுவாக இருந்த நாய் திடீரென்று மாறினால் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோங்கள். காதுவலி, பல்வலிகூடக் காரணமாக இருக்கும்.

வேட்டை நாய்க்கும் ஆபத்து உண்டு. பெருச்சாளியைக் கடித்தால் எலிக்காய்ச்சல் தொற்றும். எலி விஷம் தின்ற எலியைத் தின்றால் நாயும் போகும். மேலூர், சோழவந்தான் வயல்பக்கம் நல்லபாம்போடு மல்லுக்கு நின்று செத்துப்போகும்.

கடித்துவிட்டால்?

"வீட்டு நாயிதானே, மஞ்சள் வச்சாப் போதும்" என்பது உயிரோடு விளையாடும் பேச்சு. வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை.

கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு, குழாய்த் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுங்கள். உடனே அரசு ராஜாஜி ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஓடுங்கள். ஊசி இலவசம். தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்ட காலம் மலையேறிவிட்டது. இப்போது கையில்தான். ரத்தம் வந்த கடி என்றால் காயத்திலேயே போடும் இன்னொரு மருந்தும் வேண்டும். நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசியும் தவறக்கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்ற நிலையில், வளர்ப்புப் பிராணியை அஜாக்கிரதையாக விட்டால் பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவுப்படி 6 மாதம் வரை ஜெயில், அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நாயின் சைஸ் பற்றிச் சட்டத்தில் ஒரு வார்த்தையும் இல்லை.

சோறு தண்ணீர் கிடைக்காமல் தவிக்கும்படி நாயை ரோட்டில் விட்டுவிட்டு வருவதும் 1960-ம் ஆண்டு பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

ஆகவே, ரிங் ரோட்டுக்கு வண்டி எடுக்கும் முன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். நாய் செய்தது அதன் பிறவிக்குணம். கேட்டைத் திறந்து போட்டது யார்?