பொது நலவாழ்வு விதிகளும் மக்கள் உணர்வும்: தாம்பரம் வட்டாரம் பற்றிய ஒரு மொழிநோக்கு

நூலுக்குரிய குற்றங்கள் பத்து என்று நன்னூற் பாயிரம் தொகுத்துக் கூறுகின்றது. பவணந்தி முனிவர் அவற்றை நூலாசிரியர்களை எண்ணியே வகுத்தார். எனினும், பலர் உணர்ந்து ஒழுகவேண்டும் என்னும் நோக்குடன் எழுதப்படும் எவ்வுரைக்கும் அவை பொருந்துவனவே. அரசும் உள்ளாட்சி மன்றங்களும் வெளியிடும் நலவாழ்வு விதிகள் அத்தகைய உரைகளாகும். சென்னை மாகாணத்தில் 1939-ஆம் ஆண்டில் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றப்பட்டது முதல் இவ்விதிகள் பல்கிப் பெருகியுள்ளன. மக்கள் அவற்றைக் கடைப்பிடியாதவிடத்து, அதனை அறியாமை என்றோ அசட்டை என்றோ கூறி அமைதல் பெருவழக்கு. அவ்வழக்கு எத்துணைப் பொருத்தமுடையது என்பதைத் தாம்பரத்தையும் அதனைச் சூழ்ந்த சென்னைத் தென்புறநகர்ப் பகுதிகளையும் களமாகக் கொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. மயங்கவைத்தல்

கொரோனாத் தொற்று பரவிய 2020-ஆம் ஆண்டில் ஊர்தோறும் வழங்கிய சொற்களுள் ஒன்று ‘தனிமைப்படுத்தல்’ என்பது. மருத்துவ நூலார் இரு செயல்களை வேறுபடுத்துவர். நோய் கண்டவரைப் பிறரினின்று பிரித்து வைத்தல் ஒன்று. நோயுற்றாரோடு பழகியும் நோய்க்குறி காணாதவரைக் குறித்த நாளளவு ஒதுக்கிவைத்துப் பார்த்தல் மற்றொன்று. முன்னதனை ஐசொலேஷன் என்றும், பின்னதனைக் குவாரண்டைன் என்றும் ஆங்கிலம் வழங்கும். தமிழில் இரண்டற்கும் தனிமைப்படுத்தல் என்னும் ஒரு சொல்லே பெரிதும் ஆளப்பட்டது.

இதனால் விளைந்த மயக்கம் இருதிறத்தது. அயலூரிலிருந்து திரும்பியதன் பொருட்டு ஒதுங்கியிருந்தவரை அண்டை வீட்டார் நோயாளராகவே கொள்ள இச்சொல் இடங்கொடுத்தது. ஒதுங்கியிருந்தவரோ, தமக்கு நோயில்லை என்பதை அறிந்தமையால், அவ்விதி தமக்குரியதன்று எனக் கருதவும் இடங்கொடுத்தது. ஒருவர் மிகுதியாக அஞ்சுவதும் மற்றொருவர் சிறிதும் அஞ்சாமையும் ஒரே சொல்லிற் பிறத்தல் ஈண்டு நோக்கத்தக்கது.

2. மாறுகொளக்கூறல்

‘ஊரடங்கு’ என்பது ஊர் உறங்கும் இரவுப் பொழுதைக் குறித்து வழங்கிய தொடரின் வழிவந்தது. பின்னர்க் கலகக் காலத்துக் காவல் ஆணைக்குப் பெயராயிற்று. 2020 மார்ச்சுத் திங்களில் நோய்க்கால முடக்கத்திற்கும் அதுவே பெயராயிற்று. கலகக் காலத்து ஊரடங்கு முற்றும் அடங்குதலையே குறிக்கும். நோய்க்கால ஊரடங்கோ பல படிநிலைகளை உடையது. ஆதலின் ‘தளர்வுகளுடன் கூடிய ஊரடங்கு’ என்னும் தொடர் தோன்றிற்று. 2021 மே 10-ஆம் நாள் தொடங்கிய ‘முழு ஊரடங்கில்’ மளிகை, காய்கறிக் கடைகள் நண்பகல் வரை திறந்திருக்க இசைவளிக்கப்பட்டது. மே 24-ஆம் நாள் மெய்யாகவே முழுமையான அடைப்பு வேண்டப்பட்டபோது, ‘முழு’ என்னும் அடை தன் ஆற்றலை இழந்துவிட்டமையின், ‘தளர்வுகளற்ற முழு ஊரடங்கு’ எனப் பின்னும் ஓர் அடை சேர்க்க வேண்டியதாயிற்று. ஒரு சொல்லைத் திருத்த மற்றொரு சொல் வேண்டப்படுமாயின், முதற்சொல்லில் மக்கள் நம்பிக்கை குறைவது இயல்பேயாம்.

தாம்பரம் வட்டாரத்தில் இக்குழப்பத்தோடு எல்லைக் குழப்பமும் சேர்ந்தது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய பேரூராட்சிகளுமாகப் பத்து உள்ளாட்சிகள் 2021 நவம்பரிலேதான் ஒரே மாநகராட்சியாக இணைந்தன. அதற்கு முன்னர், 2020 சூன் 19-ஆம் நாள் தொடங்கிய முழு ஊரடங்கு இப்பகுதியிற் பெரிதும் சென்னைக் காவல் எல்லையை அளவாகக் கொண்டது. தம் ஊரை நகராட்சிப் பெயராலும் தொடர்வண்டி நிலையத்தாலும் அறிந்த மக்கள், காவல் எல்லையால் அறிந்திருத்தல் அரிது.

3. குன்றக்கூறல்

‘சுற்றுப்புறத்தைத் தூய்மையாக வைத்திருப்பீர், டெங்குவைத் தடுப்பீர்’ என்னும் கருத்துடைய அறிவிப்புகள் ஆண்டுதோறும் மழைக்காலத்தில் தெருக்களிற் காணப்படுகின்றன. தூய்மை என்றவுடன் மக்கள் உள்ளத்தில் தோன்றுவன சாக்கடையும் குப்பையுமே. அவர்கள் வாயிலைப் பெருக்குகின்றனர். கால்வாயோரம் வெண்பொடி தூவுகின்றனர். விதியைப் பின்பற்றியதாகவே கருதுகின்றனர். ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிசுக் கொசு சாக்கடையினும் தெளிந்த தேங்குநீரையே மிகுதியும் நாடி முட்டையிடுவது. குடிநீர் நாள்தோறும் வாராத தெருக்களில் லாரி நீரைப் பிடித்துவைக்கும் பீப்பாய்களும் குடங்களும் மூடப்படாவிடின் அதற்கு உறைவிடமாகின்றன. கலத்தின் உட்சுவரில் ஒட்டிய முட்டைகள், நீர் வற்றிய பின்னரும் பல திங்கள் அழியாதிருந்து, மீண்டும் நீர் பட்டவுடன் பொரியும் இயல்பின. முட்டை கொசுவாதற்கு ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாள் ஆகும்.

ஆகவே, ‘நீர்க்கலங்களை மூடுக, வாரம் ஒருமுறை வடித்து, உட்சுவரைத் தேய்த்துக் கழுவுக’ என்பதே நிறைவான விதி. ‘தூய்மை’ என்னும் பொதுச்சொல் இவற்றுள் ஒன்றனையும் உணர்த்தாது. ஈண்டு மக்கள் விதியை மீறினாரல்லர். விதியே குறைபடக் கூறிற்று.

‘விழித்திரு, விலகியிரு, வீட்டிலிரு’ என்னும் அரசின் அறிவுரை மோனையழகால் எளிதில் மனத்திற் பதிந்தது. ஆயினும் எவ்வளவு விலகல், எத்துணை நாள் என்பன அதன்கண் இல்லை. நினைவிற் பதிதல் வேறு. பொருள் விளங்குதல் வேறு.

4. ஏதுவின் முடித்தல்

நன்னூல் குற்றங்களோடு உத்திகளையும் கூறும். அவற்றுள் ஒன்று ஏதுவின் முடித்தல். காரணம் காட்டி முடித்தல் என்பது இதன் பொருள். இதன் இன்றியமையாமையைத் தாம்பரத்தின் வரலாறே காட்டும். 1928-இல் மருத்துவர் சவுரிமுத்து இங்குக் காசநோய் நலவகம் ஒன்றை நிறுவினார். 1937-இல் அஃது அரசின் உடைமையாயிற்று. ‘சானடோரியம்’ என்னும் அயற்சொல் இன்று தொடர்வண்டி நிலையத்திற்கும் அதனை அடுத்த பகுதிக்கும் பெயராய் நிலைத்துவிட்டது. ஊரைவிட்டு ஒதுங்கிய இடம், தூய காற்று, ஓய்வு, நல்லுணவு என்பனவே அன்றைய மருத்துவம்.

1956-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற காசநோய் வேதிமருத்துவ ஆய்வு மையம் 1959-இல் வெளியிட்ட முடிவு இந்நிலையை மாற்றிற்று. வீட்டிலிருந்தே முறையாக மருந்துண்போரும் மருத்துவ இல்லத்திலிருப்போரை ஒப்பவே குணமடைகின்றனர் என்பதும், அவர்தம் வீட்டார்க்கு அதனால் தொற்று மிகுவதில்லை என்பதும் அவ்வாய்வால் தெளிவாயின. அன்று முதல் விதியின் உயிர்நாடி ஒதுக்கம் அன்று, இடையறாது மருந்துண்டலே. பழைய அச்சம் மட்டும் முற்றும் நீங்கிற்றிலது. ஆறு திங்கள் மருந்துண்ண வேண்டும் என்னும் விதி, சில வாரங்களில் இருமல் தணிந்தவர்க்குப் பொருளற்றதாகத் தோன்றும். இருமல் தணிந்த பின்னும் எஞ்சிய நுண்ணுயிர்கள் அழிவதற்கு நெடுநாள் ஆகும் என்பதையும், இடையில் நிறுத்தினால் அவை மருந்துக்கு அடங்காதனவாக மாறக்கூடும் என்பதையும் உணர்ந்தவரே அதனை நிறைவேற்றுவர். காரணமறியாது பெற்ற ஆணை, நோய் தணிந்தவுடன் தானும் தணிந்துவிடும்.

முடிவுரை

எல்லாக் குறையும் சொல்லின்கண்ணதே என்று யாம் கூறவில்லை. ஓரறை வீட்டில் வாழ்வார்க்குத் தனியறையில் இருக்க எனும் விதி எத்துணைத் தெளிவுடையதாயினும் இயலாதது. நாட்கூலியார்க்கு வீட்டிலிருத்தல் பட்டினியோடு ஒக்கும். அவை அரசு தீர்க்கவேண்டியன. ஆனால், இயலக்கூடியதும் சொற்குற்றத்தால் இயலாது போதல் தவிர்க்கத்தக்கது. மருத்துவத் துறையார் விதியை வகுக்க, மொழித்துறையார் அதனைப் பொதுமக்களுக்குப் படித்துக்காட்டி, அவர் கொண்ட பொருளை ஆய்ந்து திருத்தியபின் வெளியிடும் முறை வேண்டும். இவ்வட்டாரத்து முதுகலை மாணவர் இதனைக் கள ஆய்வாக மேற்கொள்ளலாம். மக்கள் ஏன் கேட்கவில்லை என வினவுமுன், நாம் அவர்க்கு விளங்கக் கூறினோமா என வினவுதலே முறையாம்.