தோள் ஏவுகணையும் நாலு கிலோமீட்டர் உயரமும்

2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதிலிருந்து ஸ்டிங்கர் என்ற பெயர் செய்திகளில் அடிக்கடி அடிபடுகிறது. ஒரு வீரர் குழாயைத் தோளில் வைத்துச் சுடுகிறார், பல கோடி ரூபாய் ஹெலிகாப்டர் எரிந்து விழுகிறது. வீடியோ அதோடு முடிந்துவிடும். எனக்கு அங்கேதான் இரண்டு கேள்விகள் வந்தன. சுமார் 15 கிலோ எடைக்குள் இதை எப்படிச் செய்தார்கள்? விழுந்த விமானங்களை எண்ணி இந்த ஆயுதத்தை அளக்க முடியுமா? நான் ராணுவத்துக்காரன் இல்லை, சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன். படித்துக் குறித்து வைத்ததை இங்கே தொகுத்திருக்கிறேன்.

சூட்டைப் பார்க்கும் கண்

பெரிய வான் பாதுகாப்பு ஏவுகணைகளுக்கு ராடார் வேணும். ராடார் அலையை வீசி, பட்டுத் திரும்புவதைப் பிடிக்கும். அந்த அலை தன்மேல் படுவதைக் கண்டுபிடிக்கும் கருவி போர் விமானங்களில் உண்டு. அதனால் விமானிக்கு முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்துவிடும். தோள் ஏவுகணைகளில் பெரும்பாலானவை எதையும் வீசுவதில்லை. எஞ்சினிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை, அதாவது சூட்டை, சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். சுடும்வரை விமானிக்கு ஒரு தகவலும் போகாது.

1960-களில் வந்த முதல் தலைமுறைக்கு, அதாவது அமெரிக்காவின் ரெட்ஐ, சோவியத்தின் ஸ்ட்ரெலா-2 போன்றவற்றுக்கு, கண் கொஞ்சம் மந்தம். எஞ்சினின் பழுக்கக் காய்ந்த பின்பக்கம் மட்டும்தான் தெரியும். எனவே குண்டு போட்டுவிட்டுத் திரும்பிப் போகிற விமானத்தைப் பின்னாலிருந்து துரத்தத்தான் முடியும். சூரியனைப் பார்த்தும் ஏமாந்துவிடும்.

1981-ல் படையில் சேர்ந்த ஸ்டிங்கரில் சென்சாரை ஆர்கான் வாயுவால் கடுமையாகக் குளிர்விக்கிறார்கள். ஏன்? சென்சாருக்கே ஒரு சூடு இருக்கு. அந்தச் சொந்தச் சூடு, தூரத்திலிருந்து வரும் மெல்லிய சிக்னலை மூழ்கடித்துவிடும். இரைச்சலான கல்யாண மண்டபத்தில் போன் பேசுவது மாதிரி. இரைச்சலைக் குறைத்தால், எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான வாயுவே தெரியும். அப்புறம் விமானம் எதிரே வந்தாலும் சுடலாம்.

லாரியும் குறுக்குச் சாலையும்

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். ஏவுகணை விமானத்தை நேராகப் பார்த்து ஓடினால் வாலைத்தான் துரத்திக்கொண்டிருக்கும். விமானம் போய்ச் சேரப்போகும் இடத்துக்கு அது முந்திப் போகணும். ஆனால் விமானம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதெல்லாம் சூட்டை மட்டும் பார்க்கும் கண்ணுக்குத் தெரியாது. பிறகு எப்படி?

நீங்கள் காரில் ஒரு குறுக்குச் சாலையை நெருங்குகிறீர்கள். இடப்பக்கச் சாலையில் ஒரு லாரியும் வருகிறது. உங்கள் பார்வையில் லாரி பின்பக்கமாக நகர்ந்தால் நீங்கள் முதலில் கடந்துவிடுவீர்கள். முன்பக்கமாக நகர்ந்தால் லாரி முதலில் கடந்துவிடும். அசையாமல் ஒரே திசையில் நின்று, பெரிதாகிக்கொண்டே வந்தால் மோதல் நிச்சயம். கப்பல் ஓட்டுகிறவர்களுக்கு இது பால பாடம்.

நாம் தவிர்க்கப் பார்ப்பதை ஏவுகணை வேண்டுமென்றே செய்கிறது. பார்வைக் கோடு எவ்வளவு வேகமாகத் திரும்புகிறதோ, அதைப்போலச் சில மடங்கு வேகத்தில் தன் பாதையைத் திருப்பும். கோடு திரும்புவது நின்றால் பாதை சரி. தூரக் கணக்கு தேவையில்லை, பெரிய கம்ப்யூட்டரும் தேவையில்லை. ஒரே ஒரு அளவை வைத்து ஓடும் இந்தச் சூத்திரத்தால்தான் இவ்வளவும் ஒரு தோளில் அடங்குகிறது.

விமானங்களும் சும்மா இருக்கவில்லை. தீப்பந்தம் போல எரியும் ஃபிளேர்களை உதிர்த்து ஏவுகணையைத் திசை திருப்பின. பதிலுக்கு ஏவுகணைகள் இரண்டு அலைநீளங்களில் பார்க்கக் கற்றுக்கொண்டன. ஃபிளேரின் 'நிறம்' வேறு, எஞ்சினின் 'நிறம்' வேறு. பிரிட்டனின் ஸ்டார்ஸ்ட்ரீக் சூட்டையே பார்ப்பதில்லை. சுடுகிறவர் காட்டும் லேசர் வழியில் போகும் என்பதால் ஃபிளேர் அதனிடம் எடுபடாது.

உயரம்தான் விஷயம்

இத்தனை திறமைக்கும் ஒரு எல்லை உண்டு. ஸ்டிங்கர் எட்டும் உயரம் சுமார் 3.8 கிலோமீட்டர். ஏறக்குறைய 5 கிலோமீட்டருக்கு மேலே பறந்தால் இந்த வகை ஏவுகணைகளைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை.

ஆப்கானிஸ்தானில் 1986 செப்டம்பரில், ஜலாலாபாத் விமானத்தளம் அருகே முஜாஹிதீன்கள் முதல்முறையாக ஸ்டிங்கரைச் சுட்டு எம்ஐ-24 ஹெலிகாப்டர்களை வீழ்த்தினார்கள். மொத்தம் எத்தனை வீழ்ந்தன என்பதில் இன்றும் சண்டை. ஸ்டிங்கரால்தான் சோவியத் வெளியேறியது என்றும் சொல்வார்கள். ஆனால் கோர்பச்சேவ் அந்தப் போரை ரத்தம் கசியும் காயம் என்று சொன்னது அதே வருஷம் பிப்ரவரியில், முதல் ஸ்டிங்கர் சுடப்படுவதற்கு முன்பே. சர்ச்சைக்கு இடமில்லாத மாற்றம் ஒன்று உண்டு. சோவியத் விமானங்கள் மேலே ஏறிவிட்டன. உயிர் தப்பியது, குறி தப்பியது.

உக்ரைனில் அப்படி மேலே ஏறவும் வழியில்லை. எஸ்-300, பூக் போன்ற ராடார் ஏவுகணைகள் அங்கே காத்திருந்தன. அதற்குப் பயந்து ரஷ்ய விமானங்கள் தாழப் பறந்தால் ஸ்டிங்கரும் இக்லாவும் பிடித்தன. கடைசியில் ஹெலிகாப்டர்கள் முன்னணிக்குப் போகாமல், தூரத்திலேயே மூக்கைத் தூக்கி ராக்கெட்டுகளை மேல்நோக்கி வீசிவிட்டுத் திரும்பும் நிலை வந்தது. ராக்கெட் எங்கோ விழும். ஆகவே தோள் ஏவுகணை தனியாக வானத்தை மூடுவதில்லை, கீழ்த்தளத்தை மட்டும் மூடும். மேல்தளத்தை மூட வேறொன்று இருந்தால்தான் எதிரி உண்மையிலேயே மாட்டுவான்.

ஏற முடியாத விமானங்கள்

போர் விமானத்துக்கு மேலே ஏறிக்கொள்ளும் வசதி உண்டு. பயணி விமானமும் போக்குவரத்து விமானமும் ஏறும்போதும் இறங்கும்போதும் இந்த உயரத்தைக் கடந்தே ஆகணும். 1995 ஏப்ரல் 28, 29 இரண்டு நாட்களில் பலாலி அருகே இலங்கை விமானப்படையின் இரண்டு ஆவ்ரோ விமானங்களைப் புலிகள் வீழ்த்தினார்கள். 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து ரத்மலானைக்குக் கிளம்பிய லயன் ஏர் பயணி விமானம் சற்று நேரத்தில் கடலில் விழுந்தது. அதில் இருந்த 55 பேரும் இறந்தார்கள். அதுவும் புலிகளின் ஏவுகணையால்தான் என்று கருதப்படுகிறது. 2002 நவம்பரில் மொம்பாசாவில் ஒரு இஸ்ரேலிய பயணி விமானத்தை நோக்கி இரண்டு ஸ்ட்ரெலா-2 பாய்ந்தன. இரண்டும் தவறியது அதிர்ஷ்டம்.

சென்சாருக்கு எஞ்சின் சூடு மட்டும்தான் தெரியும். உள்ளே இருப்பது சிப்பாயா, ஊருக்குப் போகிற குடும்பமா என்று தெரியாது. ஆப்கானிஸ்தானுக்கு ஸ்டிங்கர்களைக் கொடுத்த அதே அமெரிக்கா, போர் முடிந்ததும் மிச்சத்தைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்க அலைந்தது இதனால்தான். எல்லாம் திரும்பி வரவில்லை.

அடுத்த முறை 'இத்தனை விமானங்கள் வீழ்த்தப்பட்டன' என்ற செய்தியைப் படித்தால், வீழாத விமானங்கள் எந்த உயரத்தில் பறக்கின்றன என்றும் தேடிப் பாருங்கள். போரின் போக்கு பெரும்பாலும் அதில்தான் தெரியும்.