நடுக்குவாதமும் நெசவுக் கூலியும்

நடுக்குவாதம் எனத் தமிழில் வழங்கும் பார்க்கின்சன் நோய், செல்வர் வறியவர் என்னும் வேறுபாடு அறியாதது என்று பொதுவாகக் கூறப்படுகிறது. நோய் தோன்றுவதைப் பொறுத்தவரை இக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. நோயோடு வாழ்வதைப் பொறுத்தவரை இது பொருந்தாது. வருவாயும் சமுதாய நிலையும் இந்நோயுற்றோரின் வாழ்வை எவ்வாறு வேறுபடுத்துகின்றன என்பதைச் சோமனூர் விசைத்தறிப் பகுதியை முன்வைத்து இங்கு ஆராய்வோம்.

மூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருளை உண்டாக்கும் உயிரணுக்கள் படிப்படியாக அழிவதால் இந்நோய் விளைகிறது. நடுக்கம், தசை விறைப்பு, அசைவில் மந்தம், நிலைதடுமாற்றம் ஆகியவை இதன் முக்கிய அறிகுறிகள். பிறர் கண்ணில் படுவது நடுக்கமே. எனினும் அன்றாட வேலையைப் பெரிதும் முடக்குவது மந்தம். இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் ஆறு பேரின் நிலையை விவரித்து இந்நோயை உலகிற்கு அறிவித்தார். அவ்வறுவருள் சிலர் அவரிடம் மருத்துவம் பெற வந்தவர்கள் அல்லர். தெருவில் அவர் கண்டவர்கள். மருத்துவரை அடைந்தோர், அடையாதோர் என்னும் வேறுபாடு இந்நோயின் முதல் ஏட்டிலேயே இடம்பெற்றுவிட்டது.

கோவைக்கும் திருப்பூருக்கும் இடையிலுள்ள சோமனூரில், சில தறிகளே உடையோர் பலர், ஜவுளி உற்பத்தியாளரிடம் பாவும் ஊடை நூலும் பெற்று நெய்து கொடுக்கின்றனர். அவர்களுக்குக் கிடைப்பது நெய்த துணியின் அளவுக்கேற்ற கூலி. இக்கூலியை உயர்த்தக் கோரியே 2022இலும் 2025இலும் இப்பகுதியில் நீண்ட வேலைநிறுத்தங்கள் நடைபெற்றன. தறி உடையோரின் நிலையே இதுவாயின், அவர்களிடம் தறி ஓட்டுவோரின் நிலையைக் கூற வேண்டுவதில்லை.

அறுந்த இழையை முடிவதும் தீர்ந்த தாரை மாற்றுவதும் விரல்களின் வேலை. விரல் மந்தமானால் தறி நிற்கிறது. தறி நின்றால் கூலி குறைகிறது. மருத்துவர் நோயின் பெயரைச் சொல்லுமுன்னரே கூலிக் கணக்கு அதைச் சொல்லிவிடுகிறது. ஆனால் அதை நோய் என்று எவரும் படிப்பதில்லை. சோம்பல் என்றோ, கை நடுங்கினால் குடிப்பழக்கம் என்றோ படிக்கின்றனர். திருப்பூர்ப் பனியன் நிறுவனங்களில் பீஸ் ரேட்டுக்கு உழைப்போர்க்கும் இதுவே நேர்கிறது. மாதச் சம்பளம் பெறும் அலுவலருக்கு இதே நோய் வந்ததாகக் கொள்வோம். அவருடைய கையெழுத்து சிறுத்துப் போகலாம். சம்பளம் உடனே சிறுப்பதில்லை. மருத்துவரை நாடவும் ஓய்வுக்குத் திட்டமிடவும் அவருக்குக் காலம் கிடைக்கிறது.

இந்நோயின் தலையாய மருந்து லெவோடோபா. பூனைக்காலி விதையிலிருந்து இப்பொருளைப் பிரித்தெடுத்த செய்தியை 1937இல் வெளியிட்டவர்கள் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. மாத்திரை ஒன்றின் விலை பெரிதன்று. ஆயினும் அதை நாள்தோறும் பலமுறை, குறித்த நேரத்தில், உணவோடு மோதாதபடி, வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். பகலும் இரவும் மாறிமாறி வேலை செய்வோர்க்கு இவ்வொழுங்கு எளிதன்று. நரம்பியல் மருத்துவரைக் காணக் கோவைக்குச் செல்லும் நாளில் நோயாளியும் உடன் செல்பவரும் கூலி இழக்கின்றனர். கையில் பணம் இல்லாதபோது மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் இயல்பாகிவிடுகிறது. திடீரென நிறுத்துவதோ உயிருக்கே ஆபத்தாகலாம். மூளையில் மின்முனை பொருத்தும் அறுவை சிகிச்சைக்குப் பல இலட்ச ரூபாய் தேவை. நோய் முற்றும்போது வசதியுள்ளோர் பணியாள் அமர்த்துகின்றனர். ஏழை வீட்டிலோ மனைவியோ மகளோ வேலையை விடுகிறாள். ஒரு நோய் இருவர் வருவாயை நிறுத்துகிறது.

உதவிகள் இல்லாமல் இல்லை. இ.எஸ்.ஐ. திட்டத்தின் நீடித்த நோய்ப் பட்டியலில் பார்க்கின்சன் நோய் உண்டு. தகுதி பெற்ற தொழிலாளி சராசரி ஊதியத்தில் 80 விழுக்காட்டை இரண்டாண்டு வரை பெறலாம். ஆனால் இத்திட்டம் பொதுவாகப் பத்துப் பேருக்குக் குறையாத நிறுவனங்களையே கட்டாயமாகத் தழுவுகிறது. நான்கைந்து பேர் உழைக்கும் தறிக்கூடம் அதற்கு வெளியே நிற்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நோயை இயலாமை வகைகளுள் சேர்த்துள்ளது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இயன்முறை மருத்துவத்தை வீட்டிற்கே கொண்டுவருகிறது. இவற்றை அறிந்து, விண்ணப்பித்து, சான்று பெற அலைவதற்கு விரைந்து நடக்கும் கால்கள் வேண்டும். நோயாளியிடம் இல்லாதது அதுவே.

பெதஸ்தா குளத்தருகே கிடந்த மனிதனின் முறையீடு (யோவான் 5) இங்கு நம் சிந்தனைக்குரியது. குளம் அருகிலேயே இருந்தது. அவனைக் கொண்டுசெல்ல ஒருவரும் இல்லை. விரைவில் இறங்கியவன் முந்திக்கொண்டான். நம் சபைகளிலும் மந்தமாய் நடப்பவர் பிந்திப்போகிறார். ஆகவே போதகர் செய்யத்தக்கவை சில உள. ஆலய வருகையில் தளர்ந்தவரைக் குறைகூறுமுன் வீடு சென்று விசாரித்தல் வேண்டும். கை நடுக்கத்தைக் குடியின் அல்லது பாவத்தின் அடையாளமாகக் கருதும் பேச்சைத் திருத்துதல் வேண்டும். ஜெபத்தின் பெயரால் மாத்திரையை நிறுத்தச் சொல்லும் அறிவுரைக்கு இடந்தரலாகாது. இயலாமைச் சான்று பெறும் நாளில் உடன் செல்லச் சபையில் ஒருவரை ஏற்படுத்தலாம். அவர் இழக்கும் கூலியைச் சபை நிதி ஈடுசெய்யலாம்.

நோயை நீக்கும் ஆற்றல் இன்றைய மருத்துவத்திற்கு இல்லை. ஆனால் நோயோடு சேர்ந்து வரும் வறுமையும் அவமதிப்பும் மனிதர் அமைத்தவை, மனிதரால் மாற்றத்தக்கவை. இவ்விரண்டையும் பிரித்தறிவதே இத்துறையில் நம் ஊழியத்தின் தொடக்கமாகும்.