இலையினுள் நிகழும் போர்

விலங்கின் உடலுட் கிருமி புகுந்தால், குருதியிலுள்ள வெண்கலங்கள் ஓடிவந்து அதனை வளைத்துக்கொள்ளும். பயிருக்குக் குருதியுமில்லை, ஓடித்திரியுங் கலங்களுமில்லை, நின்ற இடத்தை விட்டுப் பெயரவும் அதனால் இயலாது. அங்ஙனமிருந்தும், காற்றோடு வந்து இலையில் வீழும் எண்ணிறந்த பங்கசு வித்திகளுள் மிகச் சிலவே நோயை விளைவிக்கின்றன. ஏனையவை தோற்பது எவ்வாறு?

பயிரின் காவல் தவறினால் விளைவது யாதென்பதை நம் நாட்டினர் நன்கறிவர். 1869ஆம் ஆண்டில் மலைநாட்டுக் கோப்பி இலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சள் தூள் படிந்த புள்ளிகள் தோன்றின. அத்துருநோய் சில பத்தாண்டுகளுட் கோப்பித் தொழிலையே வீழ்த்த, அவ்விடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. 1880 முதல் 1882 வரை இங்கு தங்கி அந்நோயை ஆராய்ந்தவர் மார்ஷல் வார்ட் என்னும் ஆங்கிலேயர். தோட்டங்களைக் காக்க அவரால் இயலவில்லை. ஆயினும், பின்னாளிற் புல்லினங்களின் துருநோயை ஆராய்ந்தபோது, 1902இல், அவர் ஒரு விந்தையைக் கண்டார். நோயை எதிர்த்து நிற்கும் புல்லிலே, பங்கசு நுழைந்த இடத்துக் கலங்கள் விரைந்து மடிந்தன. துருப்பங்கசோ உயிருள்ள கலத்தை உண்டே வாழ்வது. ஆதலின் அதுவும் அங்கேயே பட்டினியால் ஒடுங்கியது. ஊரைக் காக்கத் தன் வீட்டைக் கொளுத்தும் செயல் போன்றது இது.

எல்லாப் பகைவரும் பட்டினிக்கு அஞ்சுபவரல்லர். இறந்த கலத்தையுந் தின்னும் பங்கசுகள் பல உள. அவற்றுக்கு நஞ்சே மருந்து.

இந்நஞ்சுகள் இருவகைப்படும். முன்னரே சேமித்து வைக்கப்பட்டவை ஒருவகை. உள்ளிப்பல்லை முழுதாய் முகர்ந்தால் நெடி குறைவு; நசுக்கினாலோ மூக்கைத் துளைக்கும். நெடிக்கு மூலமான பொருளும் அதனை மாற்றும் நொதியமும் வெவ்வேறு அறைகளிற் காக்கப்பட்டு, நசுக்கும்போது ஒன்றுகூடுவதே அதன் காரணம். இவ்வாறு பிறக்கும் அலிசின் பங்கசுகளையுங் கொல்லவல்லது. ஓட்சுப் பயிரின் இலையிலும் இம்முறையே உண்டு. ஆங்கு வெல்லத்தோடு பிணைந்து கிடக்கும் ஒரு பொருள், கலம் சிதைந்ததும் நொதியத்தால் வெல்லத்தை இழந்து, பங்கசின் மென்சவ்வைத் துளைக்கும் நஞ்சாகின்றது. தன் நஞ்சினால் தானே மாளாதிருக்கப் பயிர் செய்த ஏற்பாடு இது.

மற்றைவகை, பகைவனைக் கண்ட பின்னரே வடிக்கப்படுவது. 1940இல் ஜெர்மனியில் முல்லர், பேர்கர் என்னும் இருவர், வெட்டிய உருளைக்கிழங்கின்மீது அதனைப் பீடிக்கவியலாத குலத்தைச் சேர்ந்த வெளிறல் நோய்க்கிருமியை முதலில் இட்டனர். (பங்கசு எனவே நெடுங்காலம் எண்ணப்பட்ட இக்கிருமியை இன்று வேறோர் இனத்தில் வைப்பர்.) பின்னர் அதே இடத்தில், பீடிக்கவல்ல குலத்தை இட்டபோது அது வளரவில்லை. முதற் கிருமி தீண்டிய கலங்கள் ஏதோ ஒரு பொருளைச் சுரந்திருத்தல் வேண்டும் என அவர்கள் துணிந்து, அதற்கு 'பைற்றோஅலெக்சின்' எனப் பெயரிட்டனர். தாவரங் காப்பது என்பது அக்கிரேக்கச் சொற்களின் கருத்து. அப்பொருளைக் கையிற் பிடிக்க இருபது ஆண்டுகள் சென்றன. 1960இற் பட்டாணியிலிருந்து பிசற்றின் பிரித்தெடுக்கப்பட்டது. நெல்லும் எரிபந்தப் பங்கசு தீண்டுகையில் இத்தகைய பல பொருள்களை ஆக்குகின்றது.

பகைவன் வந்தானெனப் பயிர் அறிவது எங்ஙனம்? பங்கசின் சுவரிற் கைற்றின் உண்டு. பயிரின் சுவரில் அஃது இல்லை. பயிரிலுள்ள நொதியங்கள் அச்சுவரை அரிக்க, சிதறும் கைற்றின் துணுக்குகளைக் கலத்தின் மேற்பரப்பிலுள்ள புரதங்கள் உணர்கின்றன. உணர்ந்த சில நிமிடங்களில் ஐதரசன் பேரொட்சைட்டு பெருகும்; கலச்சுவர் இறுகும்; நஞ்சாக்கும் மரபணுக்கள் விழிக்கும். நாம் தலைவலிக்கு உட்கொள்ளும் அஸ்பிரினுக்கு நெருங்கிய உறவான சலிசிலிக்கமிலம், நோய் தீண்டாத தூரத்து இலைகளும் ஆயத்தமாவதற்கு வேண்டப்படுகின்றது.

பங்கசும் வாளாவிருப்பதில்லை. பட்டாணியைத் தாக்கும் ஒரு பங்கசு, பிசற்றினைச் சிதைக்கும் நொதியத்தைத் தானே ஆக்குகின்றது. கோப்பியின் கதையும் அங்ஙனமே. திமோர்த் தீவிலே அராபிக்காவும் ரொபஸ்ராவும் இயற்கையாய்க் கலந்து பிறந்த செடியொன்று துருநோயை எதிர்த்து நின்றது. அதன் வழியிற் பல நாடுகளிற் புதிய கோப்பி வகைகள் ஆக்கப்பட்டன. அவற்றுட் சிலவற்றையும் துருப்பங்கசின் புதிய குலங்கள் வென்றுவிட்டன.