பிறவி வளைபாதம்

பிறவி வளைபாதம் என்பது குழந்தையின் ஒரு பாதமோ இரு பாதங்களுமோ பிறப்பிலேயே உள்நோக்கியும் கீழ்நோக்கியும் திரும்பியிருக்கும் குறைபாடு ஆகும். மருத்துவத்தில் இது டாலிப்பஸ் ஈக்வினோவேரஸ் எனப்படுகிறது. ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இக்குறைபாடு காணப்படுகிறது. பெண் குழந்தைகளை விட ஆண் குழந்தைகளில் இது இரு மடங்கு மிகுதியாகும். பாதிக்கப்பட்டோரில் சுமார் பாதிப் பேருக்கு இரு பாதங்களும் வளைந்திருக்கும்.

அமைப்பு

வளைபாதத்தில் நான்கு மாற்றங்கள் ஒருங்கே காணப்படுகின்றன.

1. உள்ளங்கால் வளைவு இயல்பை விட ஆழமாக இருத்தல்
2. பாதத்தின் முன்பகுதி உட்புறம் திரும்பியிருத்தல்
3. குதிகால் உட்புறம் சாய்ந்திருத்தல்
4. குதிகால் மேலே இழுக்கப்பட்டு, விரல் நுனி கீழ்நோக்கியிருத்தல்

கெண்டைக்கால் தசை சற்று மெலிந்தும், பாதம் சிறுத்தும் இருக்கும். பச்சிளம் குழந்தைக்கு இதனால் வலி இல்லை. ஆனால் மருத்துவம் செய்யாது விட்டால், குழந்தை வளர்ந்தபின் பாதத்தின் வெளிவிளிம்பிலோ புறங்காலிலோ ஊன்றி நடக்க நேரிடும். அவ்விடத்தில் தோல் தடித்துப் புண்ணும் வலியும் உண்டாகும்.

காரணங்கள்

பெரும்பாலானோரில் திட்டவட்டமான காரணம் கண்டறியப்படவில்லை. மரபுவழிக் கூறுகளுக்குப் பங்கு உண்டு. கருவுற்ற காலத்தில் புகைபிடித்தல் வாய்ப்பைக் கூட்டுகிறது. சிலரில் முதுகுத்தண்டுப் பிளவு போன்ற பிற குறைபாடுகளுடன் சேர்ந்து இது தோன்றும். கர்ப்பிணி கிரகணத்தின்போது வெளியே சென்றதால் இது ஏற்படும் என்ற நம்பிக்கைக்கு அறிவியல் அடிப்படை எதுவும் இல்லை.

கண்டறிதல்

கருவின் ஏறத்தாழ 20ஆம் வாரத்தில் எடுக்கப்படும் மீயொலி ஆய்வில் இதனைக் காண இயலும். பிறந்தபின் பாதத்தைப் பார்த்தே மருத்துவர் உறுதி செய்வார். கருப்பையில் இருந்த நிலையால் மட்டும் திரும்பியிருக்கும் பாதத்தைக் கையால் எளிதில் நேராக்கலாம். அது பெரும்பாலும் தானே சரியாகிவிடும். உண்மையான வளைபாதம் விறைப்பாக இருக்கும், தானே சரியாவதில்லை.

பொன்செட்டி முறை

எசுப்பானியாவில் பிறந்து அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மருத்துவர் இக்னாசியோ பொன்செட்டி (1914–2009) உருவாக்கிய முறையே இன்று உலகெங்கும் முதன்மையாகப் பின்பற்றப்படுகிறது. பெரிய அறுவை சிகிச்சைக்கு உட்பட்ட பாதங்கள் பிற்காலத்தில் விறைத்து வலிப்பதைக் கண்ட அவர், பச்சிளம் குழந்தையின் தசைநார்கள் நெகிழும் தன்மையைப் பயன்படுத்தினார்.

பிறந்த சில வாரங்களுக்குள் இம்மருத்துவத்தைத் தொடங்குவது சிறந்தது. வாரம் ஒருமுறை பாதத்தை மென்மையாகத் திருப்பி, விரல் முதல் தொடை வரை மாவுக்கட்டு போடப்படுகிறது. பொதுவாக ஐந்து முதல் ஏழு கட்டுகள் தேவைப்படும். குதிகால் இறுக்கமே இறுதியில் சரி செய்யப்படுகிறது. இதற்காகப் பெரும்பாலான குழந்தைகளுக்குக் குதிநாண் ஒரு சிறு கீறலின் மூலம் வெட்டப்படுகிறது. பின்னர் மூன்று வாரம் கட்டில் இருக்கும்போது நாண் நீண்ட நிலையில் மீண்டும் வளர்ந்துவிடும்.

காலணிப் பட்டை

கட்டு அகற்றியபின் இரு காலணிகளை ஒரு கம்பியால் இணைத்த கருவியை அணிவிக்க வேண்டும். முதல் மூன்று மாதங்கள் நாளொன்றுக்கு 23 மணிநேரமும், அதன்பின் நான்கு அல்லது ஐந்து வயது வரை உறங்கும் நேரத்திலும் இது அணிவிக்கப்படுகிறது. ஒரு பாதம் மட்டும் வளைந்திருந்தாலும் இரு கால்களிலும் அணிவிக்க வேண்டும்.

பாதம் நேராகிவிட்டது, குழந்தை அழுகிறது என்று பெற்றோர் கருவியைக் கைவிடுவதே வளைவு திரும்புவதற்கு முதன்மைக் காரணமாகும். அவ்வாறு திரும்பினால் மீண்டும் மாவுக்கட்டு போட்டுச் சரிசெய்யலாம். சிலருக்குத் தசைநாண் இடமாற்ற அறுவை தேவைப்படலாம். முறையாக மருத்துவம் பெற்ற குழந்தைகள் இயல்பான காலணி அணிந்து நடக்கவும், ஓடவும், விளையாடவும் முடியும்.

இந்தியாவில்

2013ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ராஷ்டிரிய பால் சுவஸ்திய காரியக்கிரம் என்னும் நடுவண் அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில், கண்டறிந்து மருத்துவம் அளிக்க வேண்டிய பிறவிக் குறைபாடுகளுள் வளைபாதமும் இடம்பெற்றுள்ளது. பொன்செட்டியின் பிறந்த நாளான சூன் 3, உலக வளைபாத நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.